கன்னியம்மாள் முடிச்சு

புதுவை, வாணரப்பேட்டை
12-6-1958

அன்புள்ள தம்பி பலராமனுக்கு அக்காள் கன்னியம்மாள் ஆசியோடு எழுதியது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. பீடியை விட்டால் இருமலும் விடும் என்று சொன்னால், இரண்டையும் ஒரே நாளில் விடுகிறேன் என்கிறார். அந்த நாள் எது என்று சொல்வதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன கடிதத்தில் இந்த ஒரு கேள்விக்குத்தான் நீ பதில் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு உழைப்பாளர் படிப்பகத்துக்கு இது பத்தாவது ஆண்டு. அதற்காக, மில்லுக்குப் போகிற முச்சந்தியில் உழைப்பாளிக்கு ஒரு சிலை வைக்கப் போகிறார்கள். இடத்துக்கு மேரி ஆபீஸில் அனுமதியும் வாங்கியாயிற்று. இப்போது முனிசிபாலிட்டி என்றுதான் சொல்ல வேண்டுமாம். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷமாகப் போகிறது, என் வாய் இன்னும் மாறவில்லை.

யாரோ கும்பகோணத்து ஸ்தபதியை வரவழைக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு நடந்தது. நான் பெண்கள் பெஞ்சிலிருந்து எழுந்தேன். "எங்க ஊட்டுலயே ஒரு சிற்பி இருக்கறப்போ கும்பகோணம் எதுக்குங்க?" என்றேன்.

தலைவர் நாராயணசாமியை உனக்குத் தெரியும். மில்லில் நான் நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் மேஸ்திரியாக இருந்து, போன மாதம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றாலும், பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிடுகிற மாதிரி அவரை முசே என்றுதான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் காது கேட்காது. அவர், "ஒன் தம்பி அஞ்சு வருசம் படிச்சான், சரி. அவன் செஞ்ச செல எங்க நிக்குது, சொல்லு. போய்ப் பாத்துட்டு வரோம்" என்றார்.

நீ சினிமாவுக்குச் செய்கிற அரண்மனையும் யானையும் படம் பிடித்த மறுநாளே உடைபடுகிறது என்று எப்படிச் சொல்வேன்? "இனிமே நம்ம ஊருல நிக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வெயிலிலும் மழையிலும் நிற்கிறபடி என் கையால் ஒன்றாவது செய்த பிறகுதான் ஊர் மண்ணை மிதிப்பேன் என்று சபதம் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவன் நீ. ஒன்றரை வருஷமாகிறது. நம் முச்சந்தியில் வெயில் நிறையவே இருக்கிறது. உடனே அவர்களுக்கு எழுது. உன் பெருமையை நீயே எழுத வெட்கமாக இருந்தால் எனக்கு எழுது, நான் போய்ப் படிக்கிறேன்.

உன் நன்மையே நினைக்கும்,
கன்னியம்மாள்


சென்னை, சூளை
20-6-1958

அக்காவுக்கு, தம்பி பலராமன் வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். மாமா நலத்தை எழுதியதற்குச் சந்தோஷம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், எந்த வேளை என்று கேட்காதே.

உன் கடிதம் வந்த அன்று ஸ்டூடியோவில் என் யானையை உடைத்தார்கள். பத்தடி யானை, இருபது நாள் வேலை. ராஜா அதன்மேல் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினார், பாட்டு முடிந்ததும் கூலியாட்கள் சம்மட்டியோடு வந்துவிட்டார்கள். தும்பிக்கையை மட்டும் வீட்டுக்குக் கேட்டேன். வைக்க இடம் எங்கே என்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். இரண்டு தடவை படித்தேன். படிப்பகத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். எனக்குக் கூலி வேண்டாம். சிமெண்டும் கம்பியும் லாரியும் அவர்கள் பொறுப்பு.

அவர்கள் மனசில் இருப்பது எனக்குத் தெரியும். சுத்தியலைத் தோளில் சாய்த்த ஓர் ஆண், மார்பு இத்தனை அகலம். நம் மில்லில் சுத்தியல் பிடிக்கிறவர் எத்தனை பேர்? ரிப்பேர் ஷெட்டில் நாலு பேர். நான் சென்னைக்குச் சிற்பம் படிக்க வருவதற்கு முன்னால் ஆறு மாதம் மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினேன் அல்லவா? அப்போது தினம் உன்னைப் பார்ப்பேன். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், ஓர் இழை அறும். நீ பார்க்கக்கூட மாட்டாய். இரண்டு நுனியும் உன் விரலுக்கு வரும், முடிச்சு விழும், இழை ஓடிவிடும். எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதைத்தான் செய்யப் போகிறேன். எட்டடி உயரத்தில், அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற ஒரு பெண்.

எனக்கு உன் கை வேண்டும். சபதத்தை விட்டு நான் அங்கே வர மாட்டேன், மில்லை விட்டு நீ இங்கே வர மாட்டாய். ஆகவே ஒரு காகிதத்தில் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இரண்டு கையும். முடிச்சு போடும்போது எந்த விரல் எங்கே போகிறது என்றும் எழுது.

இன்னொன்று. முத்து முத்தாக எழுதுவாய், ஒரு வருஷமாக உன் எழுத்து கோணிக்கொண்டே போகிறதே. மாமாவைச் சொல்லி ஒரு நல்ல பேனா வாங்கு.

அன்பு மறவாத,
பலராமன்


புதுவை
2-7-1958

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதியது. இவ்விடம் சுகம், அவ்விடம் எந்த வேளை சாப்பாடு என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தைக் கூட்டத்தில் நானே நின்று படித்தேன். சுத்தியல் இடம் வந்தபோது ரிப்பேர் ஷெட்டுக்காரர்கள் நாலு பேருக்கும் முகம் சுருங்கியது. முசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "பொம்பள செலயா? ஆம்பளைங்க எல்லாரும் சம்மதிக்கணுமே" என்றார். என் பக்கத்தில் இருந்த வீராயி, அவள் முப்பது வருஷமாக மில்லில் வேலை பார்க்கிறவள், யாருக்கும் பயப்பட மாட்டாள், "ஊருல இருக்கற ஆம்பள செலைக்கெல்லாம் எங்கள யாரு கேட்டா முசே?" என்றாள். அதற்குப் பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள். உனக்கே கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. வருகிற மே முதல் நாள் திறப்பு. தெருவில் நடக்கும்போது என் கால் தரையில் இல்லை, தெரிந்துகொள்.

இத்துடன் இடக்கை வரைந்து அனுப்பியிருக்கிறேன். வலக்கையை நானே வரைய வராது. உன் மாமாவைக் கேட்டால், தறியைத் தவிர எதையும் பிடித்துப் பழக்கமில்லை என்கிறார். பிறகு அனுப்புகிறேன். அவசரமில்லையே?

கன்னியம்மாள்


சென்னை, சூளை
12-7-1958

அக்காவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

இடக்கை வந்து சேர்ந்தது. காகிதத்தைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே மீன் அரியும்போது அரிவாள்மணை பட்ட தழும்பு. அந்த இடத்தில் பென்சில் கோடு சற்றே நின்று போயிருக்கிறது. அப்படியே மண்ணில் எடுத்துவிட்டேன்.

களிமண்ணில் ஆள் நிற்கிறாள். முகம் யாருடையதும் அல்ல, பயப்படாதே. இடக்கை முடிந்தது. வலக்கை மட்டும் மணிக்கட்டோடு நிற்கிறது. தினம் காலையில் ஈரச் சாக்கை நனைத்துச் சுற்றிவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குப் போகிறேன், இல்லாவிட்டால் மண் வெடித்துவிடும். அவசரம்தான்.

பலராமன்


புதுவை
29-8-1958

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதியது. தாமதத்துக்கு மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. மில்லில் வேலை அதிகம், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், அதற்குப் பிறகு மழை. மாமாவுக்கு இருமல் கொஞ்சம் பரவாயில்லை.

கேட்டபடி வலக்கை இத்துடன். முடிச்சு போடுவதில் எழுத ஒன்றுமில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், எல்லோரும் போடுகிறபடிதான்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

கன்னியம்மாள்


சென்னை, சூளை
3-9-1958

அக்காவுக்கு,

இது உன் கை இல்லை.

உன் வலக்கைச் சுண்டுவிரல் நுனி உள்ளே வளைந்திருக்கும். எனக்கு ஆறு வயது, கதவை அறைந்து சாத்தினேன், உன் விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. நீயே சாத்திக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னாய். அடி எனக்கு விழவில்லை. அந்த விரலை நான் மறப்பேனா? நீ அனுப்பியதில் ஐந்து விரலும் நேர்நேராக இருக்கிறது. இந்தக் கைக்காரிக்கு இருபது வயது இருக்கும், வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். யார் கை இது?

ஒரு கையை வரைந்து அனுப்ப ஐம்பது நாள் ஆகிறது. எழுத்து கோணிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேனாதான் காரணம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்.

என்ன நடந்தது என்று எழுது. பத்து நாளில் கடிதம் வராவிட்டால் சபதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நான் அங்கே வந்து நிற்பேன்.

பலராமன்


புதுவை
10-9-1958

தம்பிக்கு,

வராதே.

நீ சொன்னது சரி. அது கண்ணகியின் கை. என் பக்கத்து மிஷின்காரி, நல்ல பெண். அவளை நான்தான் கேட்டு வாங்கினேன், அவள்மேல் தப்பில்லை. என் கை இத்துடன் இருக்கிறது. மாமாதான் வரைந்தார். பென்சில் பிடித்துப் பழகாமல் இரண்டு காகிதம் வீணாக்கினார்.

காகிதத்தைப் பார்த்திருப்பாய். ஆட்காட்டி விரல் அடியோடு இல்லை. போன வருஷம் பிப்ரவரியில் மிஷினின் பல் சக்கரத்தில் பஞ்சு அடைத்தது. நிறுத்தாமல் கையை விட்டேன். என் அவசரம், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. பதினாறு வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத் தப்பவில்லை.

உன் கடைசிப் பரீட்சைக்கு அப்போது ஒன்றரை மாதம் இருந்தது. எழுதினால் அப்படியே ஓடி வருவாய், திரும்பிப் போக மாட்டாய், எனக்குப் பதிலாகப் பஞ்சு மூட்டை தூக்குவாய். உன்னை எனக்குத் தெரியாதா? பரீட்சை முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். பிறகு, எழுதாமல் இருந்துவிட்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் சபதமும் எனக்கு வசதியாகப் போயிற்று.

இரக்கப்பட்டு ஒரு வரி எழுதினாலும் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். முழுக்கக் கேள். விரல் போன பிறகு என்னை மிஷினிலிருந்து எடுத்து, கீழே விழுந்த பஞ்சு கூட்டப் போட்டார்கள். முடிச்சு போட வராதவளுக்கு அங்கே என்ன வேலை? நான் வீட்டுக்கு ஒரு கண்டு நூல் வாங்கி வந்தேன். நாலு மாதம் நடுவிரலாலும் கட்டைவிரலாலும் போட்டுப் பழகினேன். மாமா சோறு ஆக்கினார், நான் முடிச்சு போட்டேன். ஜூலையில் போய் முசே முன்னால் நின்று, "கடியாரத்தப் பாருங்க" என்றேன். ஒரு நிமிஷத்தில் போட்ட முடிச்சை எண்ணினார். என் மிஷினைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது செக்‌ஷனில் என்னைவிட வேகம் வீராயி ஒருத்திதான்.

நான் போடும் முடிச்சில் மீதி நுனி இடப்பக்கம் சாயும். மற்றவர்களுடையதில் வலப்பக்கம் சாயும். துணி பார்க்கிறவர்கள் அதைப் பார்த்தே, இது கன்னியம்மாள் முடிச்சு என்று சொல்கிறார்கள். அப்படி ஒரு பேர் இந்த மில்லில் வேறு யாருக்கு இருக்கிறது?

சிலைக்கு மட்டும் ஐந்து விரல் வை. நீ என்னை ஐந்து விரலோடு பார்த்தாய், அப்படியே செய்.

கன்னியம்மாள்


சென்னை, சூளை
25-10-1958

அன்புள்ள அக்காவுக்கு, பலராமன் வணக்கம். மாமாவுக்கும் சொல். இந்த ஒன்றரை மாதம் நான் எழுதவில்லை. நீ கிழித்துப் போடுகிற மாதிரிதான் தினம் எழுதினேன், நானே கிழித்துப் போட்டேன்.

நீ சொன்னபடி ஐந்து விரலோடு கையைச் செய்தேன். அழகான கை. நகைக்கடை விளம்பரத்துக்கு வைக்கலாம். தள்ளி நின்று பார்த்தால் அந்தப் பெண் எதையும் செய்யவில்லை, கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கடைக்குப் போய் நூல் வாங்கி வந்தேன். உன் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, ஆட்காட்டி விரலை மடித்து ஒரு துணியால் கட்டிக்கொண்டு, நீ எழுதியபடி நடுவிரலால் போட்டுப் பார்த்தேன். ஒரு முடிச்சு விழ எனக்கு மூன்று நாள் ஆயிற்று, அக்கா. நாலாம் நாள் விழுந்தது. நுனி இடப்பக்கம் சாய்ந்தது. உட்கார்ந்து அழுதேன். இது இரக்கம் இல்லை, கிழிக்காதே. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழைய கையை வெட்டி எடுத்தேன். புதுக் கையை ஒரே நாளில் செய்தேன். நடுவிரல் முன்னால் வருகிறது, மணிக்கட்டு கொஞ்சம் திரும்புகிறது, அதனால் தோள் இறங்குகிறது, கழுத்து சாய்கிறது. ஒரு விரல் மாறியதில் ஆள் முழுக்க மாறிவிட்டாள். இப்போது வேலை செய்கிறாள். நூலைச் சிமெண்டில் செய்ய முடியாது, ஆகவே இரண்டு கையிலிருந்தும் இரண்டு கம்பி நுனி நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டிருக்கிறேன். நடுவில் நாலு விரல்கடை வெற்றிடம். அடுத்த நொடி முடிச்சு விழப் போகிறது.

போட்டோ இரண்டு இத்துடன். ஒன்று உனக்கு, ஒன்று படிப்பகத்துக்கு.

உன் தம்பி என்று சொல்லிக்கொள்ளும்,
பலராமன்


புதுவை
8-11-1958

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதியது. எல்லோரும் சுகம். தீபாவளிக்கு உனக்காக ஒரு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

போட்டோவை மாமா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் கழற்றினேன். திரும்ப மாட்டினார். நானும் விட்டுவிட்டேன்.

படிப்பகத்தில்தான் தகராறு. முசே போட்டோவைப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். பிறகு, "வெரல் கொறைஞ்ச செலய வீதியில வெச்சா ஊருக்கு ஆவாது. அங்கஹீனம். கோயில்ல பின்னமான செலய வெப்பாங்களா?" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். விரலைச் சேர்த்தால் சிலை, இல்லாவிட்டால் கும்பகோணம் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த கூட்டம் 30-ந் தேதி.

சேர்த்துவிடு, தம்பி. ஒரு விரல்தானே? நீ செய்தது ஒன்று வெயிலில் நிற்க வேண்டும் என்றுதான் நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். அது என் கைக்காக நின்று போனால் எனக்கு ஆறாது. உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாகப் போகிறது.

கன்னியம்மாள்


சென்னை, சூளை
13-11-1958

அக்காவுக்கு வணக்கம்.

சேர்க்க மாட்டேன். விரலைச் சேர்த்தால் அது இழைக்குக் குறுக்கே நிற்கும், அந்தக் கையால் முடிச்சு போட வராது. நம்பாவிட்டால் முடிச்சு போடத் தெரிந்த யாரையாவது போட்டுப் பார்க்கச் சொல். பொய்யான கையை அந்த முச்சந்தியில் வைத்தால், தினம் அந்த வழியாகப் போகிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதைவிட உடைந்த யானையே மேல்.

என் சபதம் கிடக்கட்டும். சிலை வேண்டாம் என்றால் வேண்டாம்.

பலராமன்


புதுவை
1-12-1958

என் தம்பி பலராமனுக்கு அக்காள் எழுதியது. சுகம், பரம சுகம். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

நேற்று கூட்டத்துக்கு மடியில் ஒரு கண்டு நூலைக் கட்டிக்கொண்டு போனேன். முசே பழையபடி அங்கஹீனம் என்று ஆரம்பித்தார். அதற்குள் வீராயி எழுந்துவிட்டாள். "மணக்குளத்துப் புள்ளையாருக்குக் கொம்பு ரெண்டும் முழுசா இருக்குதா முசே? எழுதறதுக்கு ஒடிச்சிக்கினாரு. அவர நாம கும்புடல? இவ வேல செஞ்சி ஒடிச்சிக்கினா" என்றாள். முசே வெள்ளிக்கிழமை தவறாமல் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகிறவர்.

நான் நூலை அவர் மேஜைமேல் வைத்தேன். போட்டோவையும் பக்கத்தில் வைத்தேன்.

"நீங்க முப்பத்தஞ்சு வருசம் மேஸ்திரியா இருந்தவரு. இந்தச் செலயில கை எப்பிடி இருக்குதோ அப்பிடி வெச்சி, அஞ்சு வெரலோட ஒரு முடிச்சி போடுங்க. வந்துட்டா வெரல சேத்துடச் சொல்லி நானே எழுதறேன்" என்றேன்.

போட்டார். ஆட்காட்டி விரல் நூலில் இடித்தது. திரும்பப் போட்டார், திரும்ப இடித்தது. ஜன்னல் பக்கம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக அந்த விரலை மடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை விழுந்தது. நுனி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மடிச்சாத்தான் வருது" என்றார். நூலைக் கீழே வைக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அது என் செக்‌ஷன்ல நடந்துது. மிஷின நிறுத்தாம கைய உடாதன்னு நான் கண்டிச்சி சொல்லியிருக்கணும். சொல்லல. தெனம் அந்த வழியா போவறப்ப அது என் கண்ணுல படணுமான்னு இருந்துது. அதான் விசயம்."

எனக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "படட்டுமே முசே. எனக்கு மிஷினத் திருப்பிக் குடுத்ததும் நீங்கதான்" என்றேன்.

இந்தத் தடவை ரிப்பேர் ஷெட்டுக்காரர்களும் கை தூக்கினார்கள். உன் சிலை அப்படியே வருகிறது. ஒரு நகக்கண்கூட மாற்ற வேண்டாம்.

விரல் போனதை உனக்கு ஒன்றரை வருஷம் ஒளித்து வைத்தேன். வெட்கம்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். தெருவில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டுதான் நடப்பேன், அதை உனக்கு எழுதவில்லை. நேற்று அத்தனை பேருக்கு முன்னால் அந்தக் கையை மேஜைமேல் வைத்தேன். வீட்டுக்கு வரும்போது கையை வீசிக்கொண்டு வந்தேன். மாமா பின்னாலேயே இருமிக்கொண்டு வந்தார்.

கன்னியம்மாள்


புதுவை
14-6-1959

அன்புள்ள தம்பி பலராமனுக்கு அக்காள் கன்னியம்மாள் எழுதியது. நாங்கள் சுகம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கார்டு கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து சிலை கேட்டு ஆள் தேடி வந்ததாக எழுதியிருக்கிறாய். அவர்களுக்கும் சுத்தியல்தான் வேண்டுமாமே. நீ போய்ப் பேசு, எங்கள் முசேவையும் துணைக்கு அனுப்புகிறேன். ஸ்டூடியோவை விட்டுவிட்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை. தெரியும்.

மே முதல் நாள் நீ பத்து நாள் தாடியோடு லாரியிலிருந்து குதித்ததும், முதலில் சிலையின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாய், அப்புறம்தான் என்னைப் பார்த்தாய். எனக்கு வருத்தமில்லை. திரும்பிப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் என் வலக்கையைப் பிடித்தவன், கண்டக்டர் விசில் அடிக்கிற வரைக்கும் விடவில்லை.

இப்போது ஊர்ச் செய்தி. சிலை முதல் மழையைப் பார்த்துவிட்டது. ஒரு கீறலும் இல்லை. முசே குடையோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். முச்சந்திக்கு இப்போது முடிச்சுக்காரி மூலை என்று பேர். ரிக்‌ஷாக்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. நீ விட்டுவிட்டுப் போன அந்த இரண்டு கம்பி நுனியும், நடுவில் இருக்கிற வெற்றிடமும் எங்கள் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. அறுந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எங்களால் ஆகாது. நீ போன மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிற யாரோ, பீடத்தில் ஏறி, இரண்டு கம்பியிலும் நூலைக் கட்டி நடுவில் ஒரு முடிச்சு போட்டுவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் காற்றில் அறுந்தது. மறுநாள் வேறு யாரோ போட்டாள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. யார் என்று யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் போடுவதில்லை. என் கைதான் அங்கேயே இருக்கிறதே.

தினம் போகிறபோது அண்ணாந்து முடிச்சைப் பார்ப்பேன். வலப்பக்கம் சாய்ந்திருக்கும், பார்த்துவிட்டுப் போவேன். இன்று காலை பார்த்தேன், நுனி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அங்கேயே நின்றுவிட்டேன். என்னைத் தவிர அந்த முடிச்சைப் போடுகிறவர்கள் சூளையில் ஒருவன், இங்கே முசே, அவரும் ஒரே ஒரு தடவை. அவரால் பீடத்தில் ஏற முடியாது.

மிஷினுக்குப் போனதும் பக்கத்தில் கண்ணகியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நூலைப் பார்க்கிற மாதிரி இருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"நீயா போட்ட?" என்றேன்.

"ஒரு மாசமா ஊட்டுல போட்டுப் பாத்தங்க்கா. நேத்துதான் வந்துது" என்றாள்.

அவளுக்குத்தான் ஐந்து விரலும் இருக்கிறதே, உனக்குத் தெரியும், காகிதத்தில் பார்த்திருக்கிறாய். ஆட்காட்டி விரலை மடித்து வைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள்.

கன்னியம்மாள்